ஆழப்படி

ஜூன் 11

தம்பிக்கு,

உன் கட்டுரை வந்து சேர்ந்தது. துறையில் என் மேஜையில் சாப்பிட்டுக்கொண்டே படிக்க ஆரம்பித்தேன். நாலாம் பக்கத்தில் டப்பாவை மூடி வைத்துவிட்டேன். "ஆழ மட்டங்களில் இறங்கியோருக்கு உயிராபத்துக்கான விலை அவர்கள் கூலியிலேயே அடங்கியிருந்தது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் எனக்கு நிஜமாகவே வயிற்றைப் புரட்டியது. அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

சுரங்கத்தின் ஏழாம் மட்டத்தில் தண்ணீர் புகுந்து செத்தவர்களைப் பற்றிய கட்டுரை. கம்பெனி பம்புகளை ஏன் நிறுத்தியது என்று உன் அண்ணன் தன் புத்தகத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் எழுதியது உனக்கு மனப்பாடம். பம்பு ஓட்டுகிற செலவைவிட, செத்தவன் குடும்பத்துக்குக் கொடுக்கிற நஷ்டஈடு மலிவு என்று கணக்குப் பார்த்து நிறுத்தினார்கள். அதை நீ மறுக்கலாம், உனக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் நீ மறுக்கக்கூட இல்லை. ஆழப்படி என்று கூலிக்கு மேல் ஒரு தொகை கொடுத்தார்களாம். அதை வாங்கிக்கொண்டு தெரிந்தேதான் இறங்கினார்களாம். ஆகவே ஒருவர் பாக்கி ஒருவருக்கு இல்லையாம். நடுவில் சமன்பாடுகள். பிணத்தின் நெஞ்சில் ரசீது குத்திவிட்டு வந்திருக்கிறாய்.

அந்த ஆழப்படி யார் கைக்குப் போனது என்று உனக்குத் தெரியாதா? சுரங்க ஊரில் செத்தவர்கள் வீட்டுப் பெண்களிடம் நான் கேள்வி கேட்டேன், நீ பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டாய். "சம்பளத்தன்னிக்கு கையில குடுப்பாங்க. கேட்டைத் தாண்டுறதுக்குள்ள மேஸ்திரி திரும்ப வாங்கிக்குவான். குடுக்கலைன்னா மறுநாள் எந்த மட்டத்துலயும் வேலை கிடையாது." ஒருத்தியா சொன்னாள்? வீட்டுக்கு வீடு சொன்னார்கள். கட்டுரையில் அது எங்கே போயிற்று?

அடிக்குறிப்பில் எனக்கு நன்றி வேறு. "கூலிவிவர அட்டைகளைத் தந்துதவிய என் அண்ணிக்கு." உன் அண்ணன் போன பிறகு அந்த அட்டைகள் இருந்த பெட்டிகளைக் கரையான் அரிக்கக் கூடாது என்றுதான் உன்னிடம் கொடுத்தேன். கரையானுக்கே போட்டிருக்கலாம்.

இங்கே பொருளாதார வரலாற்றுத் துறையில் எல்லாம் பழைய கதைதான். மாடிப்படிக்கு அடியில் இரண்டு அறை. வரலாற்றுத் துறைக்காரர்கள் எங்களைக் கணக்குப்பிள்ளைகள் என்கிறார்கள், பொருளாதாரத் துறைக்காரர்கள் கதாகாலட்சேபம் என்கிறார்கள். இந்த வருஷம் மூன்று மாணவர்கள். அதில் ஒருவன் விடுதியில் இடம் கிடைக்கும் என்பதற்காகச் சேர்ந்தவன்.

அடுத்த முறை அச்சாகும்போது என் பெயரை எடுத்துவிடு.

அண்ணி


ஜூன் 24

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டேன். ஒன்றில் ரொம்பக் கெஞ்சியிருந்தேன், இன்னொன்றில் ரொம்ப எகிறியிருந்தேன்.

அந்தப் பெண்களை நான் மறக்கவில்லை. ஆனால் மேஸ்திரி எவ்வளவு வாங்கினான்? எல்லாரிடமுமா? எந்த வருஷத்திலிருந்து? ஒன்றுக்கும் எழுத்து இல்லை. அட்டையில் ஆழப்படி இருக்கிறது, திரும்ப வாங்கியது இல்லை. இல்லாததை நான் எந்தக் கட்டத்தில் நிரப்புவது? பம்பை நிறுத்தியது சரி என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, அண்ணி. கூலி எப்படி நிர்ணயமானது என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறீர்கள். நான் இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரக்காரர்களின் நடுக்கூடத்தில் இருக்கிறேன், அதைவிட மோசம். ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால் "கதைசொல்லி வந்துட்டாருப்பா, நாற்காலி போடுங்க" என்பார்கள், யாரும் போட மாட்டார்கள். இந்தக் கட்டுரைக்குப் பிறகுதான் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுகிறார்கள். போகிற இடமெல்லாம் நம் துறையை மூடிக்கொண்டு வருகிறார்கள். மூடாமல் விட்ட இடங்களில் எல்லாம் எண்ணை வைத்துத்தான் பிழைத்திருக்கிறார்கள். அண்ணன் இருந்திருந்தால் என்னோடு சண்டை போட்டிருப்பார். முகம் கழுவப் போயிருக்க மாட்டார்.

கம்பெனியின் செயலாளர் கட்டுரையின் ஐம்பது பிரதிகளைக் கேட்டு எழுதியிருந்தார். அனுப்பினேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

இவள் உங்களை விசாரித்தாள். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "அக்கா இவ்வளவு கோவமா எழுதுறாங்கன்னா உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்கிறாள்.

சின்னவன்


ஜூலை 19

தம்பிக்கு,

ஐம்பது பிரதி எதற்கு என்று இப்போது தெரிந்தது.

நேற்றுத் துணைவேந்தர் கூப்பிட்டனுப்பினார். பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளி, "உங்களுக்கு ஒரு நல்ல சேதிம்மா" என்றார். நல்ல சேதி சொல்ல அவர் யாரையும் கூப்பிட்டதில்லை. சுரங்கக் கம்பெனி நம் துறைக்கு ஒரு பேராசிரியர் இருக்கை நிறுவப்போகிறதாம். நிரந்தரமாகப் பணம், புதுக் கட்டடத்தில் ஒரு தளம், எல்லாம் உண்டாம்.

"யாரு பேர்ல?" என்றேன்.

"உங்க வீட்டுக்காரர் பேர்லதாம்மா! என்ன பெரிய மனசு பாருங்க. அவரு அவங்களைத் திட்டிப் புஸ்தகம் போட்டாரு. அவங்க அவரு பேர்லயே பணம் போடுறாங்க."

"அந்த இருக்கையில யாரு உக்காரப் போறாங்க?"

"உங்க கொழுந்தனார்தான். வெளியாளா? எல்லாம் குடும்பத்துக்குள்ளயே."

சொல்லிவிட்டு, ஏதோ சம்பந்தம் பேசி முடித்தவர் மாதிரி சிரித்தார். பெயர் வைக்கக் குடும்பத்தின் சம்மதம் வேண்டுமாம், ஒரு காகிதத்தை நீட்டினார்.

"நான் கையெழுத்துப் போடலைன்னா?"

பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "டிசம்பரோட நீங்க ஓய்வு பெறுறீங்க. அப்புறம் அந்த ரெண்டு ரூம்ல ஜெராக்ஸ் மெஷின் போடலாம்னு ஒரு யோசனை இருக்கு."

காகிதத்தை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன். அந்த அறையின் வாசனை இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை. புது வார்னிஷ் வாசனை, அவ்வளவுதான். ஆனாலும் ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரே கேள்வி. இது உனக்கு முன்னாடியே தெரியுமா? சுற்றி வளைக்காமல் பதில் எழுது.

அண்ணி


ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணிக்கு,

தெரியும். திட்டத்தை எழுதிக் கொடுத்ததே நான்தான். உங்களிடம் நேரில் வந்து சொல்ல நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருந்தேன். துணைவேந்தர் முந்திக்கொண்டுவிட்டார்.

நீங்கள் ஓய்வு பெற்ற மறுநாள் அங்கே பொருளாதார வரலாறு என்று ஒரு பாடம் இருக்காது. அதை யோசித்துப் பாருங்கள். அண்ணன் ஆயுள் முழுக்க முட்டி மோதி உண்டாக்கியது. வரலாற்றுத் துறையில் ஒரு விருப்பப் பாடம், அதுவும் யாரும் வராத சனிக்கிழமை மதியம். அப்புறம் பட்டயப் படிப்பு, அப்புறம் துறை. இதையெல்லாம் ஜெராக்ஸ் மெஷினுக்கு விட்டுக்கொடுக்கவா?

கம்பெனி பாடத்திட்டத்தில் தலையிடாது, எழுத்தில் வாங்கியிருக்கிறேன். அண்ணன் புத்தகமும் இருக்கும், என் கட்டுரையும் இருக்கும். பிள்ளைகள் இரண்டையும் படித்து முடிவு செய்யட்டும்.

கோபப்படாமல் இதையும் கேளுங்கள். அண்ணன் முதன்முதலில் இந்தப் பாடத்துக்கு 'வணிக வளர்ச்சி வரலாறு' என்றுதானே பெயர் கொடுத்தார்? ஆட்சிக்குழுவில் மில் முதலாளியும் மொத்த வியாபாரியும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் புகழைப் பாடப்போகிறார்கள் என்று நினைத்துக் கை தூக்கினார்கள். பாடம் நிலைத்த பிறகுதான் பெயரை மாற்றினார். இதை நம் வீட்டில் எத்தனை முறை சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார்! அவர் செய்தால் சாமர்த்தியம், நான் செய்தால் மட்டும் துரோகமா?

ஒரு கையெழுத்துதான் அண்ணி.

சின்னவன்


செப்டம்பர் 8

தம்பிக்கு,

உன் அண்ணன் பாடத்தின் பெயரை வளைத்தார். செத்துப்போனவனை வளைக்கவில்லை. இந்த வித்தியாசம் புரியாதவனுக்கு முனைவர் பட்டம் கொடுத்தது யார் என்று யோசித்தேன். உன் அண்ணன்தான், என்ன செய்வது.

கையெழுத்து விஷயத்தை அப்புறம் பேசலாம். போன வாரம் நடந்ததைக் கேள்.

சுரங்கத்தில் புதிதாக இன்னும் ஆழமாக ஒரு மட்டம் வெட்டியிருக்கிறார்கள். இப்போதே கணுக்காலுக்குத் தண்ணீர் நிற்கிறதாம். பம்பு வைக்கச் சொல்லிச் சங்கம் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கிறது. பம்பு தேவையில்லை, ஆழப்படியைக் கூட்டித் தருகிறோம் என்கிறது கம்பெனி. ஐந்தாம் அத்தியாயத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல என்னைச் சங்கத்தில் கூப்பிட்டார்கள். போனேன்.

கம்பெனி வக்கீல் எழுந்து உன் கட்டுரையை வாசித்தார். நல்ல உச்சரிப்பு, ஒரு வரி விடவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இதை எழுதினவர் உங்களுக்கு என்ன உறவு?"

"வீட்டுக்காரரோட தம்பி."

"இதுக்கான கூலி விவரத்தையெல்லாம் குடுத்தது நீங்கதானே? அடியில உங்களுக்கு நன்றி சொல்லியிருக்காரே."

"ஆமா. ஆனா..."

"ஆமா-ன்னு எழுதிக்குங்க."

"அந்தப் படியை மேஸ்திரி திரும்ப வாங்கிக்கிட்டான். அந்த வீட்டுப் பொம்பளைங்க எங்கிட்ட சொன்னாங்க."

"அதுக்கு எழுத்து மூலமா ஏதாவது ஆதாரம் இருக்கா?"

"இல்ல."

"இல்லை-ன்னும் எழுதிக்குங்க."

அவ்வளவுதான் என் சாட்சியம். ஓர் ஆமாம், ஓர் இல்லை. இரண்டும் என் வாயிலிருந்து வந்தவை, இரண்டும் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தன. வெளியே வந்ததும் சங்கத்துக்காரர்கள் டீ வாங்கிக் கொடுத்தார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பஸ்ஸில் வரும்போது என் நாக்கைப் பிடுங்கித் துடைத்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

பழைய சாவுக்குத்தான் விலை போட்டிருக்கிறாய் என்று நினைத்திருந்தேன். இனி வரப்போகிற சாவுக்கும் விலைப்பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறாய்.

கையெழுத்துப் போட மாட்டேன்.

அண்ணி


அக்டோபர் 3

அன்புள்ள அண்ணிக்கு,

தீர்ப்பாயத்தில் அதை வாசிப்பார்கள் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தை இவளிடம் காட்டவில்லை. காட்ட முடியவில்லை.

ஆய்விதழுக்கு ஒரு திருத்தக் குறிப்பு அனுப்பினேன். ஆழப்படி திரும்ப வாங்கப்பட்டதாக வாய்மொழித் தகவல் உண்டு என்று நாலு வரி. ஆசிரியர் நயமாகத் திருப்பி அனுப்பிவிட்டார். "சரிபார்க்க இயலாத தகவல்களை வெளியிடுவது எங்கள் வழக்கமில்லை." நான் உங்களுக்கு எழுதிய அதே பதில். இன்னும் கொஞ்சம் மரியாதையாக எழுதியிருக்கிறார்.

இன்னொன்று சொல்லியாக வேண்டும். மற்றவர் வாயால் நீங்கள் கேட்கக் கூடாது. பெயர் வைக்க உடன்பிறந்தவன் சம்மதம் போதும் என்று பல்கலைக்கழக வக்கீல் சொல்லிவிட்டார். ஆகஸ்டிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்களிடம் நான் கேட்டுக்கொண்டிருந்தபோதே அது போட்டாகிவிட்டது.

ஜனவரியில் அங்கே வந்து அந்த இருக்கையில் சேர்கிறேன். நீங்கள் கதவைத் திறப்பீர்களா என்று இவள் கேட்கிறாள்.

சின்னவன்


ஜனவரி 21

தம்பிக்கு,

நீ வந்து மணி அடித்தது கேட்டது. உள்ளேதான் இருந்தேன். ஜன்னல் வழியாக உன் தலையைப் பார்த்தேன். பின்னாலிருந்து பார்த்தால் அப்படியே உன் அண்ணன். அதனால்தான் திறக்கவில்லை. அந்தத் தலைக்குள் இந்தப் புத்தி இருப்பதை நேருக்கு நேர் பார்க்க என்னால் முடியாது.

துறைச் சாவியை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு, புதுக் கட்டடம் வழியாகத்தான் நடந்து வந்தேன். பெயர்ப் பலகை பார்த்தேன். பித்தளையில் பெரிய எழுத்தில் அவர் பெயர், கீழே சின்ன எழுத்தில் கம்பெனி பெயர். ஓர் ஆள் அதைத் துணியால் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தான். உயிரோடு இருந்தபோது அவர் அறைக்கு ஒரு மின்விசிறி கேட்டு எத்தனை வருஷம் எழுதினார் தெரியுமா? அவர் போன பிறகுதான் வந்தது.

இனி எழுதாதே.

அண்ணி


ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணிக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன்.

இந்த வருஷம் அறுபது மாணவர்கள். உதவித்தொகை உண்டு, கம்பெனியில் வேலைக்கும் வாய்ப்பு உண்டு என்று விளம்பரம் செய்தார்கள், கூட்டம் வந்துவிட்டது. மூன்று பேரை வைத்து நீங்கள் நடத்திய பாடத்துக்கு அறுபது பேர். முதல் நாள் வகுப்பில் நுழைந்தபோது உண்மையைச் சொன்னால் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

பருவத் தேர்வில் ஒரு கேள்வி வைத்தேன். "சுரங்கத் தொழிலாளரின் உயிராபத்து அவர்கள் கூலியில் ஈடுசெய்யப்பட்டதா? விவாதிக்க." விடைத்தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து திருத்த உட்கார்ந்தேன். முதல் தாளில் என் வரி. "உயிராபத்துக்கான விலை அவர்கள் கூலியிலேயே அடங்கியிருந்தது." இரண்டாவது தாளிலும் அதே வரி. பத்தாவது தாளிலும் அதேதான். யாருமே விவாதிக்கவில்லை. ஒரு பெண் அந்த வரிக்கு அடியில் சிவப்பு மையில் கோடு போட்டுக் காட்டியிருந்தாள், மதிப்பெண் கூட வரும் என்று. அண்ணன் புத்தகத்தை ஒருவரும் தொடவில்லை. நூலகத்தில் விசாரித்தேன். பழைய துறையிலிருந்து அது இன்னும் வந்து சேரவில்லையாம். பட்டியலில் இருக்கிறது, அலமாரியில் இல்லை. எழுத்தில் கொடுத்த வாக்கை அவர்கள் மீறவே இல்லை.

விடைத்தாள் கட்டை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டேன். இவள் சாப்பிடக் கூப்பிட்டாள். முடியவில்லை. என் வரியை அறுபது வாயிலிருந்து கேட்டபோதுதான், அண்ணி, நீங்கள் டப்பாவை மூடியது எனக்குப் புரிந்தது.

ஒரு முறை வகுப்புக்கு வாருங்கள். ஒரு மணி நேரம் போதும். அந்தப் பெண்கள் சொன்னதை நீங்கள் வந்து பிள்ளைகளிடம் சொல்லுங்கள். நான் வெளியே போய்விடுகிறேன்.

சின்னவன்


ஏப்ரல் 26

தம்பிக்கு,

வர மாட்டேன்.

என்னைக் கூட்டிவந்து நிறுத்தி, கிழவி ஏதோ சொல்லிவிட்டுப் போனாள் என்று ஆக்கிவிட்டு, மறுநாள் நீ உன் அட்டவணையை விரிக்கலாம். கம்பெனிக்கும் நோகாது, உனக்கும் நோகாது. அந்த மாதிரிக் கை கழுவ என் கையில் தண்ணீர் இல்லை.

தீர்ப்பாயத்தின் முடிவு வந்துவிட்டது, நீயும் பார்த்திருப்பாய். பம்பு கிடையாது. ஆழப்படி கூட்டப்பட்டிருக்கிறது. மேஸ்திரி கேட்டில் நின்று வாங்குகிற தொகையும் கூடிவிட்டது என்று சங்கத்துக்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர் இப்போது முழங்காலுக்கு.

அந்த ஊரில் கேள்வி கேட்டவள் நான், நோட்டில் எழுதியவன் நீ. ஒருத்தி பேச முடியாமல் நிறுத்தியபோது, "பரவாயில்லைம்மா, மெதுவாச் சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்" என்று அவளிடம் சொன்னாயே, அந்தப் பையன்மேல் எனக்கு உயிர். உன் அண்ணனிடம் அன்றைக்கே சொன்னேன், இவன் உங்களைவிட நன்றாக வருவான் என்று.

வகுப்பில் சொல்ல வேண்டியதை நீயே சொல். அந்த இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, உன் வாயால் சொல். அப்புறம் அந்த இருக்கை இருக்கிறதா இல்லையா என்று எனக்கு எழுது.

அண்ணி


மே 9

அன்புள்ள அண்ணிக்கு,

சொல்லிவிட்டேன்.

நேற்றுக் காலை வகுப்பு. விடைத்தாள்களைக் கொடுத்து முடித்ததும் கதவைச் சாத்திவிட்டு ஆரம்பித்தேன். என் கட்டுரையில் ஆழப்படி தொழிலாளியின் கையில் நின்றதாக வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட்டிருக்கிறேன், அது நிற்கவில்லை, நிற்கவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும் என்றேன். அந்தப் பெண்கள் சொன்னதை அவர்கள் சொன்ன மாதிரியே சொன்னேன். எந்த வீட்டில் யார் சொன்னார்கள் என்பதும் எனக்கு ஞாபகம் இருந்தது. இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. பம்பைப் பற்றி அண்ணன் எழுதியதைச் சொன்னேன், தீர்ப்பாயத்தைச் சொன்னேன், இப்போது தண்ணீர் எதுவரைக்கும் நிற்கிறது என்பதையும் சொன்னேன்.

வகுப்பு முடிந்து அறைக்குப் போவதற்குள் துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து ஆள் வந்துவிட்டான். திங்கட்கிழமை காலை அவரைப் பார்க்க வேண்டுமாம். கம்பெனி செயலாளரும் வருகிறாராம். என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இவளிடம் சொன்னேன். வீட்டுச் சாமான்களுக்கு அட்டைப்பெட்டி எங்கே கிடைக்கும் என்று கேட்டாள்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது வேறு. நான் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவரும் எழுதவில்லை. அறுபது பேரும் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனசில் தைத்துவிட்டது, அதனால்தான் அசையாமல் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். முடித்தேன். அப்போது அந்தச் சிவப்புக் கோடு போட்ட பெண் எழுந்து, "சார், இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டாள்.

"வரும்" என்றேன்.

அறுபது பேனாவும் ஒரே நேரத்தில் வெளியே வந்தன. "சார், முதல்ல இருந்து சொல்லுங்க சார்" என்றார்கள்.

குமட்டிக்கொண்டு வந்தது, அண்ணி. ஆனாலும் முதலிலிருந்து சொன்னேன். அவர்கள் எழுதிக்கொள்கிற வேகத்துக்கு, மெதுவாக.

சின்னவன்